பத்தொன்பதாவது முடிச்சு

ஐந்தாவது பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. ஆனால் அதன் வாழையிலையில் ஓர் ஓட்டை இருந்தது.

பெங் மெலியா கோயிலின் சரிந்து கிடந்த கற்கள்மேல் உட்கார்ந்து நான்கு பேரும் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டச்சுக்காரர் ஹென்ரிக், அவர் மனைவி மரைகா, வேன் ஓட்டும் சாரூன், வழிகாட்டி வன்னாக். நான்கு பேர்தான். காலையில் சியம் ரீப் சந்தையில் வன்னாக் ஐந்து பொட்டலம் வாங்கியிருந்தான். கடைக்காரி கேட்டதற்கு, கூட ஒன்று இருக்கட்டும் என்றான். இரண்டு மாதமாகவே அவன் எதை வாங்கினாலும் கூட ஒன்று வாங்குகிறான்.

ஓட்டை ரொம்பச் சின்னது. ஊசி நுழையும் அளவு. இலையைப் பிரித்துப் பார்த்தான். மீன் துண்டு வைத்தபடியே இருந்தது. சோறும் கலையவில்லை. ஓட்டைக்கு நேர் கீழே ஒரே ஒரு பருக்கை மட்டும் சப்பிப் போட்டதுபோல வெளிறிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தான். மற்ற பொட்டலங்களில் எலுமிச்சைப் புல்லும் புளிக்கவைத்த மீனும் மூக்கைத் துளைத்துக்கொண்டிருக்க, இதில் எந்த வாசனையும் இல்லை.

"எறும்பு வேலை தம்பி," என்றார் சாரூன், தன் சோற்றை வழித்துக்கொண்டே. "வேண்டாம்னா இப்படித் தள்ளு. எறும்புக்கும் எனக்கும் பழைய பகை."

வன்னாக் தள்ளவில்லை. பொட்டலத்தை மறுபடி மடித்து, வேனின் கடைசி இருக்கையில் கொண்டுபோய் வைத்தான். ஒரு தடவை பள்ளிக்கூட விடுமுறையில் மாலிஸை அவன் கூட்டி வந்தபோது அவள் உட்கார்ந்துகொண்டது அந்த இருக்கையில்தான்.

மாலிஸ் அவன் மகள். ஏழு வயது. இரண்டு மாதத்துக்கு முன், மீகாங் ஆறு கரை புரண்டு ஓடிய ஒரு மாலையில், கிராச்சே ஊரில் அவன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் படித்துறையில் அவளை ஆறு கொண்டுபோயிற்று. அந்த நேரத்தில் அவன் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் யாருக்கோ கோயில் காட்டிக்கொண்டிருந்தான். ஒன்பது நாள் தேடினார்கள். கிடைத்தது ஒரு ரப்பர் செருப்பு. இளஞ்சிவப்பு நிறம். இடது கால்.

உடல் கிடைக்கவில்லை. அந்த ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

அது பிச்சும் பென் பண்டிகையின் பதினைந்து நாள். செத்தவர்கள் வீடு தேடி வரும் காலம். ஊரே சொந்த ஊர் திரும்பி, விகாரைகளில் பிக்குகளுக்குச் சோறு படைத்து, போனவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் படிக்கக் கொடுக்கும். வன்னாக் கொடுக்கவில்லை. மனைவி சந்தூவையும் கொடுக்க விடவில்லை. "அவ பேரை நீ அந்தச் சீட்டுல எழுதினா, அடுத்த சீட்டுல என் பேரை எழுத வேண்டியிருக்கும்," என்று படித்துறையில் நின்று சொல்லியிருந்தான். அவள் செருப்பின்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். வீட்டில் இருந்தால் இதே பேச்சாக இருக்கும் என்றுதான், பண்டிகை நாளில் வேறு யாரும் ஏற்காத இந்த ஏழு நாள் பயணத்தை அவன் ஏற்றுக்கொண்டு வந்தான். பயணம் முடிகிற இடம் கிராச்சே. டால்பின் பார்க்கிற இடம்.

பயணத்தின் முதல் நாளான அன்று சாயங்காலம் தங்குமிடத்தின் பின்பக்கம் போய், பையிலிருந்து செருப்பை எடுத்தான். ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு பிடி சோறு. ஈர மண் வாசனையும் எங்கோ புகையும் தேங்காய்மட்டை வாசனையும் கலந்து வந்தன. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. மெல்லிய குரலில் கூப்பிட்டான்.

"வா கண்ணு. பத்தொன்பது உயிரும் சேர்ந்து வா. காட்டுல நிக்காதே, தண்ணியில நிக்காதே. அம்மா பாய் விரிச்சிருக்கா. சோறு ஆறிப் போகுது. வீட்டுக்கு வா."

மனுஷனுக்குப் பத்தொன்பது உயிர். பயந்துபோனால் ஒன்றிரண்டு வழி தவறிப் போய்விடும். கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினால் திரும்பி வரும். மாலிஸுக்கு நாலு வயதில் இடிச் சத்தம் கேட்டுக் காய்ச்சல் வந்தபோது அவனே கூப்பிட்டுக் கட்டினான். மறுநாள் எழுந்து மாங்காய் கேட்டாள். அதை நம்பித்தான் இப்போதும் கூப்பிட்டான். ஒரு சாயங்காலத்துக்கு ஓர் உயிர். கட்ட மணிக்கட்டு இல்லாததால் செருப்பின் வாரில் கட்டினான். அன்றைக்குக் கட்டியது பதின்மூன்றாவது முடிச்சு.

தவளைச் சத்தம் நின்றது. எல்லாம் ஒரே நொடியில். அந்த அமைதியில் ஒரு சீழ்க்கை கேட்டது. மிக மெல்லியது. மூங்கில் துளையில் காற்றுப் புகுந்ததுபோல. பிறகு தவளைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

மூன்றாம் நாள், விடிவதற்கு முன், விருந்தாளிகளை ஒரு கிராமத்து விகாரைக்குக் கூட்டிப் போனான். பயணத் திட்டத்தில் அது இருந்தது. பெண்கள் வெறுங்காலோடு இருட்டில் விகாரையைச் சுற்றி வந்து, எள்ளும் தேங்காயும் பிசைந்த சோற்றுருண்டைகளைத் தரையில் எறிந்துகொண்டிருந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர்கள் கை மட்டும் தெரிந்தது. வன்னாக் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே போகாமல், நூறு தடவை சொன்னதையே மரைகாவுக்குச் சொன்னான். செத்தவர்களில் பாவப்பட்டவர்களுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால்தான் இருட்டில் எறிகிறார்கள். அவர்களுக்கு வயிறு பானை அளவு, வாய் ஊசித்துளை அளவு. பெற்றவர்களோ பிள்ளைகளோ பெயர் சொல்லிக் கொடுத்தால்தான் அந்தச் சோறு உள்ளே இறங்கும். இல்லையென்றால் ஏழு விகாரை ஏறி இறங்கித் தேடுவார்கள். கடைசி நாள் விடியலில் பெயர் கிடைத்தவர்கள் போய்விடுவார்கள்.

"ஏழிலும் பெயர் கிடைக்காவிட்டால்?" என்று மரைகா கேட்டாள்.

ஊசித்துளை என்று சொன்னபோதே அவனுக்கு அந்த வாழையிலை ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் வரை பசி என்று சொல்லிவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று வேனுக்குத் திரும்பினான்.

அன்றே சம்போர் பிரை குக். காட்டுக்குள் ஆயிரத்து நானூறு வருஷத்துச் செங்கல் கோபுரங்கள். வேர்கள் சுவரைக் கவ்விக்கொண்டு நின்றன. ஒரு வாசல் நிலைக்கல்லில் வரி வரியாக எழுத்து. ஹென்ரிக் விரலால் தடவி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கோயிலுக்கு வேலை செய்யக் கொடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் என்று வன்னாக் சொன்னான். நெல் குத்தியவர்கள், பூ கட்டியவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். பாதிப் பெயர்கள் அவனுக்கு மனப்பாடம். சத்தமாகப் படித்தும் காட்டினான்.

"பார், இன்னும் யாரோ அவங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள் மரைகா கணவனிடம்.

வன்னாக் படிப்பதை நிறுத்திக்கொண்டான். முகம் தெரியாத அடிமைகளின் பெயரெல்லாம் வாயில் வருகிறது.

நான்காம் நாள் வேனில் அந்தச் சீழ்க்கை வந்தது. சாரூன் வண்டியை மூன்று தடவை நிறுத்தி, பின் கண்ணாடியின் ரப்பரை அமுக்கிப் பார்த்தார். ஒட்டுப் பட்டை போட்டார். "கம்பெனிக்காரன் வேன் குடுக்கச் சொன்னா புல்லாங்குழல் குடுத்திருக்கான்," என்றார். நெல்வயல்களும் தாமரைக் குட்டைகளும் மழையில் கரைந்து பின்னால் போயின. சீழ்க்கை நிற்கவில்லை. வண்டி நின்றபோதும் நிற்கவில்லை. அதை முதலில் கவனித்தவர் சாரூன்தான். அதற்குப் பிறகு அவர் வேடிக்கை பேசவில்லை.

கடைசி இருக்கை நனைந்திருந்தது. ஆற்று நீர் வாசனை. வண்டலும் பாசியும் மீனும் கலந்த வாசனை. வண்டி போய்க்கொண்டிருந்த வழிக்குப் பக்கத்தில் எங்கும் ஆறு இல்லை.

கம்போங் சாமில் இறங்கும்போது மரைகா ஒரு பிஸ்கட் பாக்கெட்டை அந்த இருக்கையில் வைத்தாள். வன்னாக் பார்ப்பதைக் கண்டு சிரித்தாள். உன் மகளுக்குத்தான், ரொம்பக் கூச்சப்படுகிறாள், பேசினால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள் என்றாள். ஈரத் துணியோடு இருக்கிறாளே, மாற்றிவிடக் கூடாதா என்றும் கேட்டாள்.

வன்னாக்கின் முதுகில் குளிர் ஏறியது. அதே நொடியில், அந்தக் குளிருக்கு அடியிலிருந்து, ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. கண் நிறைந்துவிட்டது. வந்துவிட்டாள். கூப்பிட்டதற்கு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பதினாறாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் சாரூன் நின்றார். ஐந்து மழைக்காலம் காவி உடுத்தி விகாரையில் இருந்தவர். செருப்பையும் நூல்களையும் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. சிகரெட்டைப் பற்றவைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நூலு உயிரோட இருக்கறவங்களுக்கு."

"அவ இருக்கா அண்ணே. அந்த அம்மா பார்த்திருக்காங்க."

"நானும் பார்த்தேன், கண்ணாடியில. மத்தியானத்துலேர்ந்து பார்க்கறேன்." சிகரெட்டைக் கசக்கிப் போட்டார். "வாயைப் பார்த்தியா நீ? போக வேண்டிய பிள்ளையை வான்னு கட்டி இழுத்தா அது எங்கே நிக்கும்? அந்தப் பக்கமும் சோறில்ல, இந்தப் பக்கமும் சோறில்ல. பெத்தவன் வாயால பேரைச் சொல்லு. விகாரையில வச்சு ஒரு தடவை. நான் சொன்னா செல்லாது."

"பேரைச் சொன்னா போயிடுவாளே அண்ணே."

"ஆமா. போயிடுவா."

அன்று முதல் சாரூன், பின்னால் பார்க்கும் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

ஆறாம் நாள் சந்தூ தொலைபேசியில் கூப்பிட்டாள். தினமும் விடியலில் விகாரைக்குப் போகிறாளாம். சத்தியம் பண்ணியிருப்பதால் பெயர் சொல்லாமல் உருண்டையை எறிகிறாளாம். "யார் தின்னாங்களோ," என்றாள். "நேத்து ராத்திரி கனவுல வந்தா. பசிக்குதுன்னா. மூங்கில் சோறு குடுத்தேன். வாங்கி வாய்கிட்ட வச்சுக்கிட்டு என்னையே பார்க்கறா. உள்ளே போகல. நாளன்னைக்கு விடிஞ்சா கடைசி நாள். வந்துடுங்க. என்னைச் சத்தியத்துலேர்ந்து விடுங்க."

வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

ஏழாம் நாள் மாலை கிராச்சே. படகில் போய் டால்பின் பார்த்தார்கள். சாம்பல் நிற முதுகுகள் நீரைப் பிளந்து, மூச்சை ஊதிவிட்டு, மறைந்தன. ஹென்ரிக் கை தட்டினார். டால்பின் முன்னொரு காலத்தில் ஆற்றில் விழுந்த ஒரு பெண் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். பயணிகளுக்கு வன்னாக் எப்போதும் சொல்கிற கதை. அன்று சொல்லவில்லை. நீர்மட்டத்தில் வெயில் சிவந்து தேய்ந்தது. படகின் விளிம்பில், அவன் கைக்குப் பக்கத்தில், ஈரமாக நான்கு சின்ன விரல் தடம். யாரோ தொற்றிக்கொண்டே கூட வருவதுபோல.

அவன் கையை எடுக்கவில்லை.

படித்துறையில் பத்தொன்பதாவது முடிச்சைப் போட்டான். கடைசி உயிர். முடிச்சை இறுக்கியபோது நூலின் அந்தப் பக்கம் ஏதோ வெடுக்கென்று இழுத்தது. தூண்டிலில் மீன் விழுந்தால் கைக்குத் தெரியுமே, அப்படி.

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆற்றங்கரை விகாரைக்குப் போனார்கள். அவனும் சந்தூவும். சாரூன் வெளியே வேனில் இருந்துகொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊதுவத்திப் புகை, நனைந்த செண்பகப் பூ, மெழுகு. கரையில் வாழைமட்டைப் படகுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். போகிறவர்கள் வழிக்குச் சோறும் உப்பும் அவற்றில் வைத்து விடுவார்கள்.

சடங்கு நடத்தி வைக்கும் ஆச்சார் பெரியவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பெயர். பிறகு மணி. பெயர். பிறகு மணி. மெழுகுவத்தி வெளிச்சம் முடிகிற இடத்தில், மதிலை ஒட்டி, இருட்டு கட்டி கட்டியாகக் குந்தியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டி அவிழ்ந்தது. எழுந்தது. ஆற்றுப் பக்கம் போயிற்று. வன்னாக் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாருக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. சின்னது.

கழுத்து தாமரைத் தண்டு. வயிறு பானை. பள்ளிக்கூடச் சட்டை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடது மணிக்கட்டில் வெள்ளை நூல்கள். பத்தொன்பது. ஊறிப்போன தசைக்குள் ஒவ்வொன்றும் ஆழமாகப் புதைந்திருந்தது. தரையில் கிடந்த சோற்றுருண்டையை எடுத்தாள். முகத்தில் வைத்துத் தேய்த்தாள். பருக்கைகள் உதிர்ந்தன. கையை எடுத்தபோது வாய் தெரிந்தது.

வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை.

சீழ்க்கை வந்தது. "அப்பா. அவுத்து விடுங்கப்பா."

"இன்னும் யார் பேராவது இருக்கா?" என்று ஆச்சார் கேட்டார்.

சந்தூவின் கையில் சீட்டு இருந்தது. எழுதாத சீட்டு. அதை அவன் மடியில் வைத்தாள். "சொல்லுங்க," என்றாள். "மூணு எழுத்துதானே. சொல்லிடுங்க."

வாயைத் திறந்தான். மா என்று சொல்ல உதடு சேர்ந்து பிரிந்தது.

அப்போது அவள் இரண்டு கையையும் தூக்கினாள். ஒவ்வொரு பயணம் முடிந்து அவன் வாசலில் வந்து நிற்கும்போதும் அப்படித்தான் தூக்குவாள். பையை இறக்கி வைக்கக்கூட விடமாட்டாள்.

வன்னாக் வாயை மூடிக்கொண்டான்.

மணி அடித்தது. ஆச்சார் சீட்டுக் கட்டை நெருப்பில் போட்டார். கிழக்கே மேகத்தின் அடிப்பகுதி வெளுத்தது. வாழைமட்டைப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் இறங்கி, மெழுகுவத்திகள் மினுங்க, வளைவு திரும்பி மறைந்தன.

சந்தூ அழவில்லை. எழுந்து துணியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அவ இங்கதான் நிக்கறா, இல்லே? எனக்குக் கண்ணுக்குத் தெரியல. வயித்துல தெரியுது." ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாழவைக்க நம்மால முடியல. சாகவும் நீங்க விடல."

அவள் வீட்டுக்கு வரவில்லை. விகாரைப் படியிலிருந்தே அக்கரைக்குப் படகேறி, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். டச்சுக்காரர்களை சாரூன் நகரத்துக்கு ஏற்றிப் போனார். வன்னாக்கிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் பகல் வெளிச்சம். மழை வலுத்திருந்தது. கால்நட்டு உயர்த்திய வீட்டின் மரப்படிகளில் ஒரு சின்ன ஈரக்கால் தடமாக ஏறி வந்தது. இடது கால் மட்டும். பாய் விரித்தான். உட்கார வைத்தான். தலையைத் துவட்டினான். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

வெளிச்சம் அவளுக்கு ஆகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சன்னலைச் சாத்தினான்.

"அப்பா. பசிக்குது."

மூங்கில் சோறு வாங்கி வைத்திருந்தான். மூங்கிலை உரித்தான். ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தான். போகவில்லை. பருக்கையை நகத்தால் இரண்டாகக் கிள்ளினான். போகவில்லை. நான்காக. போகவில்லை. மாவாக நசுக்கித் தண்ணீரில் கரைத்தான். சந்தூவின் தையல் பெட்டியைத் திறந்து ஓர் ஊசியை எடுத்தான். முனையில் ஒரு துளி தொட்டு வைத்தான். துளி துளையின் விளிம்பில் நின்றது. நடுங்கியது. கன்னத்தில் வழிந்துவிட்டது.

"பசிக்குதுப்பா."

நூல்களை அவிழ்க்கப் பார்த்தான். அவன் போட்ட முடிச்சுகள்தான். ஒன்றுகூட விடவில்லை. கத்தரிக்கோல் தசையில் பட்டதும் அவள் விசும்பினாள். அந்த விசும்பல் ஒரு நீண்ட சீழ்க்கையாக வந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான்.

மாலிஸ் என்று கூப்பிட்டான். சத்தமாக. அந்தப் பெயரை, வீட்டில், பகலில், பத்துத் தடவை, இருபது தடவை கத்தினான். அவள் போகவில்லை. நேரம் கடந்துவிட்டது. அடுத்த பிச்சும் பென்னுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

"அப்பா. பசிக்குது."

மறுபடி ஒரு துளி. வழிந்தது. மறுபடி ஒரு துளி.

வன்னாக் கையிலிருந்த ஊசியைப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். மறுபடி ஊசியைப் பார்த்தான்.

"கொஞ்சம் வலிக்கும் கண்ணு," என்றான். "அப்பா கொஞ்சமே கொஞ்சம் பெருசு பண்ணிவிடறேன். கண்ணை மூடிக்கோ."

மாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அவனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.